வாசலில் உதறிய மணல்

மணல் தள்ளும் வண்டி ஓட்டும் அவருக்கு ஊர் வைத்த பட்டப்பெயர் 'துடைப்பம்'. சாலையில் ஏறிக் கிடக்கும் மணலை இன்று வழித்து அள்ளி ஊருக்கு வெளியே கொட்டுவார். நாளை அதே இடத்தில் அது ஒன்றும் தெரியாததுபோல் வந்து உட்கார்ந்திருக்கும். "எனக்கு மட்டும் வேலை போகவே போகாது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஆனால் வீட்டுக்குள் ஒரு பொட்டு மணல் வரக்கூடாது. வாசற்படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றித் தட்டி, சட்டையை உதறி, காதைக் குடைந்த பிறகுதான் உள்ளே கால் வைப்பார். அப்படி ஒரு சுத்தப் பைத்தியம்.

ஒரே மகள் ஆற்று வெள்ளத்தில் போனவள். உடல் கிடைக்கவில்லை. சில வருஷத்தில், மேலே எங்கோ ஆற்றைத் திருப்பிவிட, அந்த ஆறும் வற்றிப்போனது. மகளைப் பற்றி அவர் வாயே திறப்பதில்லை. மனசைத் தேற்றிக்கொண்டார் என்று ஊர் நினைத்தது. பேசினால் உடைந்துவிடுவோம் என்ற பயம் அவருக்கு.

மண் பரிசோதனைக்கு வந்த ஒரு பெண் ஒருநாள் மணல்மேட்டில் ஒரு சிட்டிகை எடுத்து, லென்ஸை அவரிடம் நீட்டினாள்.

"பாருங்கண்ணே, நத்தை ஓடு. ஆத்து நத்தை."

"ஆறுதான் வத்திப்போச்சேம்மா?"

"அதுதான் வந்திருக்கே! மலையில உடைஞ்ச பாறையைப் பொடியாக்கி ஆறுதான் கொண்டாந்துச்சு. தண்ணி நின்னதும் படுகை காஞ்சிடுச்சு. காத்தடிச்சா தூசி எங்கேயோ பறந்துடும், கல்லு அங்கேயே கிடக்கும். மணல் மட்டும் தத்தித் தத்தி வந்து இங்க குமியும். இந்த மேடு முழுக்க உங்க ஆறுதான்."

அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மனுஷன் சாப்பிடும்போது பேச்சுவாக்கில் மனைவியிடம் சொல்லித் தொலைத்தார். பரிமாறிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"அப்போ ஆத்துக்குள்ள இருந்ததெல்லாம்?"

"எல்லாம்தான்" என்றார், யோசிக்காமல்.

மறுநாளிலிருந்து அவள் வாசலில் பெருக்கிய மணலை வெளியே கொட்டவில்லை. மகளின் அறைக்குக் கொண்டுபோனாள். காற்று வரும் பக்கத்து ஜன்னலைத் திறந்தே வைத்தாள். அவர் ஒருமுறை எட்டிப் பார்த்தார். மெத்தை மேல் மணல் படிந்திருந்தது. நடுவில், ஒரு சின்னப் பிள்ளை ஒருக்களித்துப் படுத்து எழுந்த அளவுக்குப் பள்ளம். காற்றின் வேலை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் அவள் கேட்பாள்: "இன்னைக்கு எங்க கொண்டுபோய்க் கொட்டினீங்க?" அவருக்குச் சோறு இறங்காது.

மேடு கடைசியில் அவர்கள் வீட்டின் பின்சுவரையே தொட்டது. சுவரில் விரிசல் விட்டது. தெருவே காலியானது. அவள் மட்டும் மகளின் கட்டிலை விட்டு நகரவில்லை.

"சுவர் இடிஞ்சா உள்ளேயே புதைஞ்சிடுவோம். கிளம்பும்மா."

"இப்பத்தானே வந்திருக்கா. விட்டுட்டு எப்படிங்க வர்றது?"

"எனக்குன்னு இருக்கிறது நீ ஒருத்திதான். உன்னையும் மண்ணுக்குக் கொடுத்துட்டு நான் என்ன பண்ணுவேன்?"

அவள் மெத்தை மேலிருந்த மணலை ஒருமுறை தடவினாள்.

"வரேன். ஆனா அங்க வாசல்ல பூட்ஸைத் தட்டக் கூடாது."

"என்னது?"

"தினமும் அவளை வீடு வரைக்கும் கூட்டிட்டு வர்றீங்க. வாசல்லயே உதறிட்டு நீங்க மட்டும் உள்ள வர்றீங்க. நானும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

கிறுக்குத்தனமாகப் பட்டது. ஆனால் அவள் எழுந்து வந்தால் போதும் என்றிருந்தது. தலையாட்டினார். அன்றே வீடு மாறினார்கள்.

ஊரின் மறுகோடியில் இருந்த புது வீட்டுக்கு வேலையிலிருந்து முதல்முறை திரும்பிய மாலை, பழக்கதோஷத்தில் படியில் உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினார். தட்டுவதற்குக் கை ஓங்கியவர் உள்ளே பார்த்தார். குதிகால் பக்கம் ஒரு பிடிகூடத் தேறாத மணல், சிவப்பாக, மினுமினுவென்று. ஓங்கிய கை இறங்கவில்லை. இத்தனை வருஷமாக அடக்கிவைத்திருந்த அழுகை பீறிட்டு வந்தது. அழுது முடித்து, ஒரு மணிகூடச் சிந்தாமல் பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டு உள்ளே நடந்தார்.

தரை நறநறத்தது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"ரெண்டு பேரும் வந்தாச்சா?"

"வந்துட்டோம்" என்றார் அவர்.