பொரியெல்லாம் சாப்பாட்டில் சேர்த்தியா?

காலையில் முதல் டீ கைக்கு வந்ததும் ஹிமாங்ஷு சமாத்தார் தன் வயிற்றுச் செய்திகளை வாசிக்க ஆரம்பித்துவிடுவார். கல்யாணமாகி கொன்னகருக்கு வந்த நாள் முதலாகக் கேயா இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

"இன்னிக்கு சரியாவே போகல கேயா. பாதிதான் வந்துது. மீதி உள்ளயே நிக்குது."

"நின்னா கால் வலிக்குமே. நாற்காலி போடட்டுமா?"

அவர் சிரிக்க மாட்டார். மற்ற எந்த விஷயத்துக்கும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிற மனுஷன்தான். ஆனால் வயிறு என்று வந்துவிட்டால் முகம் கோயில் சந்நிதியில் நிற்பதுபோல ஆகிவிடும்.

மின்வாரிய ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வேலையைப் பற்றி அவரிடம் இதுவரை ஒரு ஈ காக்கைகூட விசாரித்ததில்லை. ஆனால் கேஸ், புளித்த ஏப்பம், மலச்சிக்கல் என்றால் தெருவே அவரைத் தேடி வரும். ரயிலடி டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, உனக்கு வல்லாரைச் சாறு, உனக்கு இசப்கோல், உனக்கு ஒரு வாரம் வாழைக்காயும் பப்பாளிக்காயும் போட்ட தண்ணிக் குழம்பு என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார். தலைவலியா? கேஸ் மேலே ஏறிவிட்டது. முட்டிவலியா? கேஸ் கீழே இறங்கிவிட்டது. மருமகள் எதிர்த்துப் பேசுகிறாளா? அவளுக்கும் கேஸாகத்தான் இருக்கும்.

இதில் வல்லாரையை ஆய்ந்து அரைப்பவள் யார்? கேயா. ஓமத்தை வறுத்துத் தண்ணியில் கொதிக்கவிட்டு வடிகட்டுபவள்? கேயா. வெறும் வயிற்றில் போடுகிற மாத்திரையை நினைவுபடுத்துகிறவளும் அவள்தான். வயிறு அவருடையது, ஊழியம் இவளுடையது. தனக்கென்று ஒரு வயிறு இருப்பதே சில நாள் அவளுக்கு மறந்துபோகும்.

சரி, ஆண்கள் எல்லாம் இப்படித்தான் என்று விட்டுவிடலாம். போன வருஷம் அவருடைய அண்ணன் போய்ச் சேராமல் இருந்திருந்தால் அவளும் விட்டிருப்பாள்.

அண்ணனும் அதே வம்சம்தானே. ஒரு வருஷம் முழுக்கக் கேஸ், கேஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ரத்தம் போனதை மூலம் என்றார். உடம்பு இளைத்ததை, வயசானா இளைக்காதா என்றார். கடைசியில் வயிற்று டாக்டர் லாஹிரியிடம் தூக்கிக்கொண்டு போனபோது பெருங்குடலில் கிளம்பிய புற்று ஈரல்வரைக்கும் பரவியிருந்தது. பூஜைக்குப் புதுவேட்டி வாங்கி வைத்திருந்தார்கள். அதைத்தான் போர்த்தினார்கள்.

அந்த லாஹிரி சின்னப் பையன்தான், ஆனால் பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. அண்ணன் கட்டில் பக்கத்திலேயே நிற்க வைத்துச் சொன்னார்: "கூடப் பிறந்தவங்க ஒருதடவை குடலுக்குள்ள கேமரா விட்டுப் பார்த்துடணும். தொந்தரவு இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரி. மொட்டு மாதிரி சின்னதா இருக்கும்போதே பார்த்தா அங்கயே கிள்ளி எடுத்துடலாம், வியாதியே வராது. முத்தினப்புறம் என்கிட்ட வந்து அழுதா நான் என்ன பண்ணுவேன்?"

ஹிமாங்ஷு தலையை ஆட்டினார். நன்றாகத்தான் ஆட்டினார். அதோடு சரி. துர்கா பூஜை முடியட்டும் என்றார். காளி பூஜை வந்தது. தங்கை வந்து கூடப்பிறந்தவனுக்கான சடங்குப் பொட்டு வைத்துவிட்டுப் போகட்டும் என்றார். அவளும் வைத்துவிட்டுப் போனாள். பிறகு கோடை, பிறகு மழை. வயிற்றைப் பற்றி நாள் பூராவும் பேசுகிற மனுஷன், அதைக் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றால் மட்டும் ஊமையாகிவிடுவார்.

"கேமராவை எந்த வழியா விடுவாங்கன்னு தெரியுமா உனக்கு?" என்றார் ஒருநாள், குரலைத் தாழ்த்தி.

"தெரியும். காது வழியா இல்ல."

"மானம் மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"டீக்கடையில உக்காந்து எத்தனை தடவை போச்சு, என்ன நிறத்துல போச்சுன்னு ஊருக்கே சொல்லும்போது அது எங்க போயிருந்தது?"

கரடியாய்க் கத்தி, கடைசியில் குளிர் ஆரம்பிக்கும்போது அவளே லாஹிரியிடம் நாள் வாங்கினாள். முந்தின நாள் கெட்டியாக எதுவும் வாயில் போடக் கூடாது, தெளிந்த நீர் ஆகாரம் மட்டும், சாயங்காலம் பேதிப் பொடி கலந்த தண்ணி. அவரும் சமர்த்தாகக் கேட்டுக்கொண்டார். மத்தியானம் கேயா அந்தப் பொடியை வாங்க மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்தாள்.

"எதாவது சாப்பிட்டீங்களா?"

"காளி மேல சத்தியமா ஒண்ணும் சாப்பிடல."

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே அழைத்துப் போனார்கள். கேயா வெளியே உட்கார்ந்து தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் லாஹிரி முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

"மாஷிமா, நேத்து உங்க வீட்டு மேஷோ என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணுமே சாப்பிடலயேப்பா."

"ஒண்ணுமே சாப்பிடாதவர் குடல்ல கடலைத் தோலும் மிளகாய் விதையும் எப்படி வரும்? சுவரே தெரியல. பாதியில நிறுத்திட்டேன். திரும்ப ஒருநாள் முழுசா பண்ணணும்."

மயக்கம் தெளிந்து கண் விழித்தவரிடம் போய்க் கேட்டார்கள். பால் குடிக்கிற பிள்ளை மாதிரி விழித்தார். "சத்தியமா சாப்பிடல டாக்டர். பசிச்சுது, கொஞ்சம் பொரி. கடுகெண்ணெய் விட்டு, கடலை, வெள்ளரி, ரெண்டு பச்சை மிளகாய்... பொரியெல்லாம் சாப்பாட்டுல சேர்த்தியா?"

லாஹிரி ஆச்சரியப்படவே இல்லை. "வாரத்துக்கு ஒருத்தர் இதையே சொல்றாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டார்.

கேயாவுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அதிலும் பெரிய எரிச்சல், அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை என்பதுதான். அவளேகூட சாயங்காலம் யாராவது சாப்பிட்டாயா என்று கேட்டால், இல்லை, பொரிதான் என்றுதான் சொல்லுவாள். வயிறு சரியில்லாவிட்டால் பொரி, சமைக்க அலுப்பாக இருந்தால் பொரி, மழை பெய்தால் பொரி. பிள்ளை புபாயையும் அப்படித்தான் வளர்த்தாள். இந்த ஊரில் பொரியைச் சாப்பாடு என்று சொன்னால் சிரிப்பார்கள்.

திரும்பி வரும்போது ரயிலில் அவர் ஆரம்பித்தார். "தண்ணி ஊத்தினா கரைஞ்சு போகுது. அப்புறம் அதை எப்படிக் கெட்டின்னு சொல்றாங்க?"

அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"விடு. பகவானுக்கே இஷ்டமில்ல போல."

"பகவானா வந்து மிளகாய் நறுக்கிப் போட்டார்?" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர் சீட்டுக்காரர் பேப்பரை இறக்கிப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பொரி விற்கிறவன் டப்பாவைத் தட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். ஹிமாங்ஷுவின் கை பாக்கெட்டுக்குப் போனது. கேயா திரும்பிப் பார்த்தாள். கை வெளியே வந்துவிட்டது.

மறுநாள் மத்தியானம் ஓரகத்தி பிரதிமா வந்தாள். அண்ணன் மனைவி, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஹிமாங்ஷு அவளிடம் ஆஸ்பத்திரிக் கதையைத் தமாஷாக எடுத்துவிட்டார். கடலைத் தோல் கட்டத்தில் தானே சிரித்தும் கொண்டார். பிரதிமா சிரிக்கவில்லை. எழுந்து சமையலறைக்கு வந்தாள். கேயா ஓமத்தண்ணி வடிகட்டிக்கொண்டிருந்தாள்.

"யாருக்கு?"

"வேற யாருக்கு தீதி? நேத்துலேருந்து கேஸாம்."

பிரதிமா டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நானும் இதேதான் கொடுத்தேன். வெதுவெதுன்னு, வடிகட்டி, ஒரு வருஷம். நல்லா பார்த்துக்கறேன்னு நினைச்சேன் கேயா. அந்த மனுஷன் வலிக்குதுன்னு சொல்லும்போதெல்லாம் ஒரு டம்ளர் கொடுத்து வாயை அடைச்சேன்."

அவள் அழவில்லை. சொல்லிவிட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டு போய்விட்டாள். கேயா டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தாள். ஓம டப்பாவையும் எடுத்துப் பரணில் போட்டாள்.

மறுநாள் காலை டீ வந்தது. செய்தியும் வந்தது.

"இன்னிக்கு என்னன்னா கேயா..."

"லாஹிரிகிட்ட சொல்லுங்க."

"மேல் வயித்துல..."

"லாஹிரிகிட்ட."

"வல்லாரை?"

"அதையும் அவரையே அரைச்சுத் தரச் சொல்லுங்க."

அன்றைக்கு அரைத்த கடுகில் மீன் வைத்தாள், கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்தாள். தண்ணிக் குழம்பு கிடையாது, விசாரிப்பு கிடையாது. அவர் ஏப்பம் விட்டால் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். டீக்கடைக்குப் போய் ஆறுதல் தேடலாம் என்று பார்த்தால் அங்கே கதை அவருக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தது. "வாங்க ஹிமாங்ஷு தாதா! ஒரு சந்தேகம். பொரி கெட்டியா, தண்ணியா?" என்று ஒருத்தன் கேட்க, பெஞ்சே சிரித்தது. ஊருக்கெல்லாம் தீர்ப்புச் சொன்னவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டார்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் மொட்டைமாடியில் கேயா துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போது குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு மேலே ஏறி வந்தார். குளிர் ஒன்றும் பிரமாதமில்லை. குல்லா மட்டும் வந்துவிட்டது.

"இப்படி ஒரேயடியா கைவிட்டுட்டியே."

கேயா ஈரத் துணியைக் கொடியில் விட்டுவிட்டுத் திரும்பினாள். "எனக்குப் பயமா இருக்குங்க. போதுமா? தீதி ஒரு வருஷம் ஓமத்தண்ணி கொடுத்துட்டு இன்னிக்கு தனியா உக்காந்து சாப்பிடறா. நான் அப்படி உக்கார மாட்டேன். உங்க வயித்துக்கு இத்தனை வருஷம் வேலைக்காரியா இருந்தாச்சு. அதுக்குப் பாடை கட்டற வேலையையும் என் தலையில வைக்காதீங்க."

அவர் கொடியில் தொங்கிய வேட்டியைச் சும்மா நீவிவிட்டார். "எனக்கு மட்டும் பயமில்லையா?" என்றார். "பார்த்தா எதாவது இருக்கும் கேயா. பார்க்காத வரைக்கும் அது கேஸ்தானே."

இந்த மனுஷனோடு இத்தனை காலம் குடித்தனம் நடத்தியதில், வயிற்றைப் பற்றி அவர் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று கேயாவுக்குத் தோன்றியது. திட்டவும் முடியவில்லை.

இரண்டாம் தடவை அவள் எதையும் நம்பவில்லை. பொரி டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் பிரதிமா வீட்டில் வைத்தாள். டீக்கடைக்காரனிடம், இவருக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தால் உன் அடுப்பில் தண்ணி ஊற்றுவேன் என்று சொல்லிவிட்டு வந்தாள். தானும் பட்டினி கிடந்தாள். சாயங்காலம் பேதிப் பொடித் தண்ணியை ஒவ்வொரு டம்ளராக அவர் எதிரில் நின்று குடிக்க வைத்தாள். கிணற்றில் விழுந்தவனைப்போல முகத்தை வைத்துக்கொண்டு குடித்தார். அப்புறம் கழிவறைக்கும் கட்டிலுக்குமாக ஓட்டம். கடைசியில் உள்ளேயிருந்து ஒரு கூப்பாடு.

"கேயா! எல்லாம் போயிடுச்சு! கண்ணாடி மாதிரி! என் ஆயுசுல இப்படிப் போனதில்ல!"

"சந்தோஷம். கதவைச் சாத்துங்க."

மறுநாள் லாஹிரி வெளியே வந்தபோது முகமூடியை இறக்கிவிட்டுச் சிரித்தார். இரண்டு மொட்டுகள் இருந்தன, இரண்டையும் அங்கேயே எடுத்தாயிற்று. சோதனைக்கு அனுப்பி, சில நாள் கழித்து முடிவு வாங்கப் போனார்கள். புற்று இல்லை. "ஆனா அதுல பெரிய மொட்டு இருக்கே, அது அண்ணன் போன வழியிலதான் போயிட்டிருந்தது மாஷிமா. இன்னும் சில வருஷம் பொரி சாப்பிட்டு ஏமாத்தியிருந்தார்னா அவ்வளவுதான். மூணு வருஷம் கழிச்சு மறுபடி வரணும்." அவர்கள் எழுந்திருக்கும்போது லாஹிரி கேட்டார்: "பையனுக்கு என்ன வயசு? நாப்பத்தொண்ணா? அப்ப அவரும் பார்த்துடணும். தள்ளிப் போடாதீங்க."

வீட்டுக்கு வந்ததும் கேயா பூஜை அலமாரி முன்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் பக்கத்தில் நின்று, "சரி சரி, அதான் எடுத்தாச்சே" என்று அவள் தலையைத் தடவினார். அந்த நல்ல மனசு சாயங்காலம் வரைக்கும்தான். டீக்கடைக்குப் போய், கேமரா எப்படித் திரும்பும், மொட்டை எப்படிச் சுருக்கு போட்டு அறுப்பார்கள் என்று தானே செய்தமாதிரி விளக்க ஆரம்பித்துவிட்டார். "வல்லாரையெல்லாம் இருக்கட்டும்டா, முதல்ல லாஹிரியைப் போய்ப் பாரு" என்று யாரையோ அதட்டியது தெருமுனைவரை கேட்டது. கேயா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் இருக்கிற பிள்ளைக்குப் போன் போட்டாள். புபாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். அப்பாவுக்குச் சரியானதில் அவனுக்கு நிஜமான சந்தோஷம்.

"நீயும் ஒருதடவை பார்த்துடணுமாம்டா. டாக்டர் சொல்லியிருக்கார்."

"எனக்கு என்ன மா? நல்லாத்தான் இருக்கேன்."

"வயிறு?"

"அது கொஞ்சம் கேஸ். ஆபீஸ் டென்ஷன். அப்பப்ப மூலம் வேற. மார்ச் முடியட்டும், பார்க்கலாம்."

அந்தப் பக்கம் மொறுமொறுவென்று சத்தம் கேட்டது.

"வாயில என்னடா?"

"ஒண்ணும் சாப்பிடல மா. பொரிதான்."

அவள் போனை மேசைமேல் வைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுத்தாள். டீ குடித்துக்கொண்டிருந்த ஹிமாங்ஷு அவள் முகத்தைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். போனை எடுத்துக் காதில் வைத்தார்.

"புபாய், கையில இருக்கறதைக் கீழ வை" என்றார். "உங்க பெரியப்பாவும் மூலம்னுதான்டா சொன்னார்."