சம்பந்தி வீட்டுப் பள்ளிக்கூடம்

கல்வராயன் மலையடிவாரத்தில் நான் தலைமையாசிரியையாக இருந்த தொடக்கப்பள்ளியில், பெற்றோர் கூட்டம் என்றால் நானும் உடன் வேலை பார்த்த ஆசிரியரும் மட்டும் தவறாமல் கலந்துகொள்வோம். கூலிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வந்து என்னிடம் திட்டு வாங்குவானேன்? நான் கூப்பிட்டால் திட்டத்தான் கூப்பிடுவேன் என்று ஊருக்கே தெரியும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வருடம் எனக்கிருந்த பெரிய கவலை ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்திதான். பொட்டலம் கட்டி வந்த தாளைக்கூட எண்ணெயைத் துடைத்துவிட்டுப் படிப்பாள். அவள் அப்பா கரும்பு வெட்டும் கூட்டத்துக்கு மேஸ்திரி. வெட்டு தொடங்கினால் புருஷனும் பெண்டாட்டியுமாக மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைப் பக்கம் போய்விடுவார்கள்; இவள் பாட்டியோடு ஊரில் இருப்பாள். பாட்டி இறந்துவிட்டதால், இந்த முறை கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அவளையும் அழைத்துப் போவதாகப் பேச்சு. அப்படிப் போன பெண்பிள்ளைகள் திரும்பி வந்து ஆறாவது சேர்ந்ததை நான் பார்த்ததில்லை. மேஸ்திரியிடம் பேசலாம் என்றால், ஆள் என்னைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிவிடுவார்.

அப்போதுதான் மேலிடத்திலிருந்து கல்விச்சீர் நடத்தச் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் கல்யாணச் சீர் போல மேளத்தோடு பள்ளிக்கு வேண்டிய பொருள்களைக் கொண்டுவர வேண்டும். செருப்பில்லாமல் பிள்ளையை அனுப்புகிறவர்களிடம் எதைக் கேட்பது என்று எனக்குக் கோபம் வந்தது. ஆனால் சீர் என்றதும் மேஸ்திரியே முன்னால் வந்து நின்றார்.

“சீருன்னா மொறை வேணும் டீச்சர். பள்ளிக்கூடம் எங்க பொண்ணு. கவர்மெண்டு மாப்ள. நீங்க மாமியா.”

யோசிக்காமல் தலையாட்டிவைத்தேன்.

சீர் வந்தது. தாம்பாளங்களில் துடைப்பம், பிளாஸ்டிக் வாளி, சுவர்க் கடிகாரம், பூசணிக்காய். வாசல்வரை வந்து எல்லாரும் நின்றுவிட்டார்கள். நான் போனில் படம் எடுத்துக்கொண்டே உள்ளே வாருங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை. சத்துணவு சமைக்கும் அம்மா என் காதில் சொன்னார்: “ஆலாத்தி எடுக்காம சம்பந்திங்க எப்டி டீச்சர் உள்ள வருவாங்க?”

சாம்பாருக்கு வைத்திருந்த மஞ்சளைச் சாப்பாட்டுத் தட்டில் கரைத்துக்கொண்டு ஓடினேன். உள்ளே வந்தவர்கள் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்து என்னையே பார்த்தார்கள். சீர் கொண்டுவந்தவர்களுக்கு விருந்து போட வேண்டும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. டீக்கடையில் இருந்த போண்டா முழுவதையும் வாங்கிவரச் சொன்னேன்.

“மாப்ள வூடு கொஞ்சம் கஞ்சம்தான்” என்றார் மேஸ்திரி, இன்னொரு போண்டாவை எடுத்தபடி.

அன்றோடு என் நிம்மதி போயிற்று. வழியில் போகிறவர்களெல்லாம் உள்ளே நுழைந்தார்கள். கடிகாரம் கொடுத்தவர் அது ஏன் மெதுவாக ஓடுகிறது என்று விசாரணை வைத்தார். ஒருத்தி சாம்பாரை ருசி பார்த்து உப்பு கம்மி என்றாள். துடைப்பம் கொடுத்த அம்மா, களையெடுக்கப் போகும் வழியில் தினமும் வந்து வகுப்பறை மூலைகளை எட்டிப் பார்ப்பார். “எங்க தொடப்பத்த சும்மா வெச்சி அழகு பாக்கறீங்களா டீச்சர்?” என்பார். பேருக்குத்தான் நான் மாமியார். மருமகள் மாதிரி மிரண்டு கிடந்ததோ நான்தான்.

“இவங்க வரலைன்னுதானே இத்தனை நாளா கத்தினீங்க?” என்று உடன் வேலை பார்த்த ஆசிரியர் சிரித்தார்.

கரும்பு வெட்டு தொடங்கியது. ஒரு காலையில் டிராக்டரை வெளியே நிறுத்திவிட்டு, மகளை அழைத்துப்போக மேஸ்திரி வந்தார். நான் அவருடைய முறையையே கையில் எடுத்தேன்.

“மாப்பிள்ளை வீட்டைக் கேக்காம பொண்ணை அழைச்சிக்கிட்டுப் போறது எந்த ஊர் முறைங்க?”

“பள்ளிக்கூடந்தான் டீச்சர் ஒங்களுக்குக் குடுத்த பொண்ணு. இது எம்பொண்ணு.”

நியாயம்தான். நல்லவேளை, துடைப்பம் கொடுத்த அம்மா அன்றைய சோதனைக்கு வந்திருந்தார்.

“இன்னாப்பா, ஒங்க கூட்டத்துக்குச் சோறாக்கற கெழவி கைப்புள்ளைய பாத்துக்க மாட்டாளா? பொண்ணு எங்க வூட்ல இருக்கட்டும். எம்புள்ளைங்களோட தின்னுட்டு ஸ்கூலுக்கு வரட்டும்.”

“ராத்திரில பொண்ணு அழுதுச்சின்னா?”

“அழுதா நான் இல்ல? டீச்சரு போன் வெச்சிக்கினு சும்மாதான இருக்காங்க. ஒனக்குப் போன் போட்டுக் குடுப்பாங்க.”

மேஸ்திரி வகுப்பறைக் கதவருகே நின்ற மகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு டிராக்டருக்குப் போய் அவளுடைய துணிமூட்டையை எடுத்துவந்து, அந்த அம்மாவிடம் கொடுக்காமல் என் கையில் கொடுத்தார்.

“சீரு மொதல்ல வந்துடுச்சி டீச்சர். பொண்ணு இப்பதான் வருது. பாத்துக்குங்க.”

மூட்டையை வாங்கிக்கொண்டேன். ஊரையே திட்டும் எனக்கு அன்று அழுகைதான் வந்தது.