கன்னையா வாங்கிய பிரெஞ்சுக் கார்

கன்னையாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு வராது, கைதான் வரும். லாரி ஓட்டிக்கொண்டிருந்தபோது நாயுடுபேட்டைச் சந்தையில் ஒரு தரகனின் முன்பல்லை உடைத்தான், வேலை போயிற்று. புத்தூரில் அதன் பிறகு யாரும் அவனிடம் வண்டியை நம்பிக் கொடுக்கவில்லை.

எலும்பு முறிந்தவர்கள் கட்டுப் போட்டுக்கொள்ள எங்கெங்கிருந்தோ புத்தூருக்கு வருவார்கள். ரயில் போகாத ஊர்க்காரர்கள் மாட்டு வண்டியில் குலுங்கிக் குலுங்கி, அலறிக்கொண்டே வந்து சேருவார்கள். ஒரு டாக்சி இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கன்னையாவுக்குத் தோன்றியது. மெட்ராசிலிருந்து ஆந்திர ராஜ்யம் பிரிந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் காரை மலிவாகத் தள்ளிவிட்டார். மனைவி கமலம்மாவின் சீதன நிலத்தை விற்றுக் கன்னையா அதை வாங்கினான்.

சித்தூருக்கு ஓட்டிப் போய்க் காட்டினால் நம்பர் கொடுத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தான். வண்டிகளைச் சோதித்து நம்பருக்குத் தேற்றிவிடும் பிரேக் இன்ஸ்பெக்டர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன் விளக்கு இரண்டும் மஞ்சளாக எரிகிறது, மாற்று என்றார். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கிறது, டிரைவர் கை காட்டினால் பின்னால் வருகிறவனுக்குத் தெரியாது, சிக்னல் பொருத்த வேண்டும். டயர் வழுக்கை. பிரேக் ஒரு பக்கமாக இழுக்கிறது.

காரைத் திருப்பதியில் பாலையாவின் பட்டறையில் விட்டான். பாலையா சொன்ன கணக்கு முதல் வாரமே பொய்த்தது. அந்த அளவு டயர் மெட்ராசிலும் கிடைக்கவில்லை. சரி, கிடைக்கிற டயருக்கு ஏற்ற சக்கரம் வாங்கினார்கள். அந்தச் சக்கரம் பழைய பிரேக் டிரம்மில் உட்காரவில்லை.

"டிரம்மும் மாத்தணும் அண்ணா. நாலும்," என்றான் பாலையா.

கன்னையா மேஜை மேலிருந்த புது விளக்கை எடுத்துச் சுவரில் அடித்தான். கண்ணாடி தெறித்தது. பாலையாவின் சட்டையைப் பிடித்துக் காரோடு சேர்த்து மோதி, முகத்தில் குத்தினான். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. பாலையா திருப்பி அடிக்கவில்லை.

"அடி அண்ணா, இன்னும் அடி. அடிச்சா டிரம்மு பொருந்துமா? இப்ப விளக்கும் ஒண்ணு சேந்துபோச்சு."

கன்னையா கையைத் தொங்கப்போட்டான். அன்று மாலை வீட்டில் கமலம்மா காதிலிருந்த கம்மலைக் கழற்றி அவன் முன்னால் வீசினாள்.

"எங்க நைனா குடுத்த நெலத்த துன்னாச்சு. இதையும் துன்னட்டும் உன் காரு. ஆனா பட்டறைல அடிச்ச மாதிரி எம்மேல கை வச்சே, அம்மிக்கல்லால மண்டைய ஒடச்சிடுவேன்."

கடைசியில் வாங்கிய விலையைவிடப் பாகங்களுக்கே அதிகம் போயிற்று. சித்தூரில் கார் தேறியது. புது ஆந்திரா நம்பரைக் கட்டிக்கொண்டு கன்னையா ஊர் திரும்பினான்.

அன்று எல்லைப் போராட்டக்காரர்கள் கடையடைப்பு அறிவித்திருந்தார்கள். நகரியும் புத்தூரும் மெட்ராசோடு சேர வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. ஊருக்கு வெளியே ரோட்டில் ஒரு கட்டை வண்டி குறுக்கே கிடந்தது. கார் நின்றதும் கூட்டம் சூழ்ந்துகொண்டது. முன்னால் நின்றவன் தணிகாசலம், நகரியில் தறி நெய்பவன்.

"ஆந்திரா நம்பருடா! ஒடைங்கடா!"

"டேய், நானும் தமிழன்தான்டா!" என்று கத்தினான் கன்னையா.

"தமிழனுக்கு இன்னாத்துக்குடா இந்த நம்பரு?"

"பின்ன எங்கடா போயி வாங்கறது?"

பதிலாக ஒரு கல் வந்தது. முன் கண்ணாடி நொறுங்கி அவன் மடியில் விழுந்தது. அடுத்து தணிகாசலத்தின் தடி விளக்கில் இறங்கியது. கன்னையா சீட்டுக்கு அடியிலிருந்த, இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் இரும்பு ஹேண்டிலை உருவிக்கொண்டு குதித்தான். முதல் வீச்சிலேயே தணிகாசலத்தின் வலது முழங்கை முறிந்த சத்தம் கேட்டது. பிறகு கூட்டம் மொத்தமும் கன்னையாமேல் விழுந்தது. காது கிழிந்தது, விலா எலும்பு உடைந்தது, ஒரு கண் மூடிக்கொண்டது. போலீஸ் லாரி வரும் சத்தம் கேட்டுத்தான் அவர்கள் ஓடினார்கள்.

தணிகாசலத்தால் ஓட முடியவில்லை. புழுதியில் உட்கார்ந்து, தோலைக் கிழித்துக்கொண்டு வந்திருந்த எலும்பையே பார்த்துக்கொண்டிருந்தான். கன்னையா ஹேண்டிலை எறிந்துவிட்டு அவனைத் தூக்கிக் காரில் போட்டான்.

"கொல்றதுக்கு இட்டுக்கினு போறியா?"

"கட்டுப் போட. பேசாம படு."

குறுக்கே கிடந்த கட்டை வண்டியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடியில்லாத காரை ரத்தம் கண்ணை மறைக்க அவன் ஓட்டினான். அந்த டாக்சியில் ஏறிய முதல் ஆள் தணிகாசலம்தான்.

கட்டுப் போடும் இடத்துக்குப் போலீஸ் வந்து யார் அடித்தது என்று கேட்டது. தணிகாசலம் தயங்கவில்லை. "இந்த ஆளுதான்," என்றான். கன்னையா மறுக்கவில்லை. ஆறு மாதம் தண்டனை கிடைத்தது. அந்த ஆறு மாதத்தில் கமலம்மா கடன் வாங்கிக் கண்ணாடி போட்டு, ஒரு டிரைவரை அமர்த்திக் காரை ஓட்டினாள்.

வெளியே வந்ததும் கன்னையா நகரிக்குப் போனான். தணிகாசலத்தின் கை கோணலாகத்தான் சேர்ந்திருந்தது. தறியில் ஊடு நூல் ஓட்டும் நாடாக் கட்டையைத் தள்ள முடியாது. கோர்ட்டில் பார்த்திருந்ததால் அவன் அம்மா செல்லியம்மா வாசலிலேயே கன்னையாவை அடையாளம் கண்டுகொண்டாள். உள்ளே போய்க் கொதிக்கும் கஞ்சியைப் பானையோடு கொண்டுவந்து அவன் நெஞ்சில் ஊற்றினாள்.

தோல் உரிந்தது. கன்னையாவின் கை மேலே எழுந்து, பாதியில் நின்றது. அதை அவனே கீழே இறக்கினான்.

"வண்டில எலும்பு ஒடஞ்சவங்கள ஏத்தி எறக்க ஒரு ஆள் வோணும்," என்றான் பல்லைக் கடித்தபடி. "இடது கை போதும். உம்புள்ளய அனுப்பு."

"போடா வெளிய!" என்றாள் அவள்.

மறு வாரம் தணிகாசலம் தானாக வந்தான். கன்னையாவோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. சம்பளத்தைக் கமலம்மாவிடம்தான் வாங்கினான். எல்லைத் தகராறு தீர்ந்து, திருத்தணி மெட்ராசுக்குப் போய், புத்தூரும் நகரியும் ஆந்திராவிலேயே நின்றுவிட்ட பிறகும் இருவரும் ஒரே காரில் பேசாமலேதான் போய் வந்தார்கள்.