தீட்டு என்று சொன்ன வாய்

இன்டர்பிரெட்டர் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லித்தருவது ஒரே விதிதான். "அவர் சொல்கிறார்" என்று ஆரம்பிக்கக் கூடாது. நாம் யாருக்காகப் பேசுகிறோமோ அந்தக் கட்சிக்காரர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே பேச வேண்டும். அவர் திட்டினால் திட்ட வேண்டும், வழிந்தால் வழிய வேண்டும். திருவண்ணாமலைக்கு வரும் பிரெஞ்சுக்காரர்களை வைத்து இப்படித்தான் பல வருஷம் பிழைத்தேன். அந்த விதியே ஒருமுறை என்னைத் தலைகுனிய வைத்தது.

கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை உடைக்கும் மெஷின் செய்பவர் ஏகாம்பரம் சார். பிரெஞ்சு புழங்கும் ருவாண்டாவில் மெஷின் விற்க என்னையும் கூட்டிப்போனார். அங்கே அரசு விருந்தாளிகளைப் பேச்சுவார்த்தைக்கு முன் இனப்படுகொலை நினைவிடத்துக்கு அழைத்துப்போவார்கள். மலர்வளையம் வைத்து, உள்ளே சுற்றிப் பார்த்த பிறகுதான் மற்ற பேச்செல்லாம். எங்களை அழைத்துப்போனவர் வேளாண்மைத் துறை அதிகாரி பியாத்ரீஸ் அம்மையார்.

வாசலிலேயே சார் நின்றுவிட்டார். அவர் கழுத்தில் ஐயப்ப மாலை. உள்ளே எலும்பும் மண்டை ஓடும் இருப்பதாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

"நான் மாலை போட்டிருக்கேன். சாவு இருக்கிற எடத்துக்குள்ள வந்தா தீட்டுனு சொல்லும்மா. பூவை நீயே வெச்சிட்டு வந்துடு."

மாலை போட்டவர்கள் சாவு வீட்டுக்குப் போகாதது நம் ஊர் வழக்கம்தான். ஆனால் அதை எங்கே வந்து சொல்கிறார்! என் வாயோ பழக்கதோஷத்தில் விதிப்படி ஓடிவிட்டது. "நான் உள்ளே வந்தால் அசுத்தமாகிவிடுவேன்" என்று பிரெஞ்சில் சொன்னேன். பியாத்ரீஸ் அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். பிறகு சாருக்கு நிழலில் நாற்காலி போடச் சொல்லிவிட்டு என்னை உள்ளே அழைத்துப்போனார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சில மாதம் கழித்து மெஷினைப் பார்க்க பியாத்ரீஸ் இங்கே வந்தார். ஓட்டிப் பார்த்ததில் அவருக்குத் திருப்தி. கையெழுத்துக்கு முன் சார் அவரைத் திருவண்ணாமலைப் பெரிய கோயிலுக்கு அழைத்துப்போனார். கோபுர வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எதுவும் கேட்காமல் உள்ளே வந்தார் அந்த அம்மாள். பிராகாரத்தில் உட்கார்ந்ததும் நிதானமாகப் பேசினார். நான் தமிழில் சொன்னேன்.

"கொலை நடந்தப்போ வெளிநாட்டுக்காரங்க அவங்க ஆளுங்களை மட்டும் ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க. எங்களை விட்டுட்டாங்க. அதனாலதான் இப்ப யார் வந்தாலும், மத்ததைப் பேசறதுக்கு முன்னாடி உள்ள வந்து கொஞ்ச நேரம் எங்ககூட நில்லுங்கனு கேக்கறோம். எங்க அம்மா அங்கதான் இருக்காங்க. அவங்களைப் பாத்தா நீங்க அசுத்தமாயிடுவீங்களா சார்?"

சொன்னவர் குரல் தடுமாறவில்லை. நான்தான் "எங்க அம்மா" என்பதை இரண்டு தடவை சொன்னேன். சார் என் பக்கம் திரும்பினார். அண்ணாமலையாரே, இந்த மனுஷன் ஒரு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"ஆர்டர் கேன்சலாயிடுமானு கேளும்மா" என்றார்.

நான் அதைக் கேட்கவில்லை. பிரெஞ்சில் மன்னிப்புக் கேட்டேன். இது அவர் சொன்னதா என்றார் பியாத்ரீஸ். இல்லை, நானாகச் சொல்வது என்றேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அதில் எனக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது.

ஆர்டர் கேன்சலாகவில்லை. அவர்களுக்கு மெஷின் தேவைப்பட்டது, சாரின் மெஷின் நல்ல மெஷின். கார் ஏறும்போது பியாத்ரீஸ் அவரிடம் கைகுலுக்கிச் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் தமிழில் சொன்னேன்.

"அடுத்த தடவ மாலை போடாத மாசத்துல வாங்க சார். அம்மா அங்கதான் இருப்பாங்க."

கட்சிக்காரரின் வார்த்தை நம்மை ஒட்டாது என்றும் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். இப்போது அதைச் சொல்வதில்லை.