யாரும் எட்டிப் பார்க்காத இடம்

நீரஜா அதிர்ந்து பேசமாட்டாள். ஈக்காட்டுத்தாங்கலில் எங்கள் சின்ன கம்பெனியில் எனக்குப் பக்கத்து சீட். போட்டோ ஸ்டுடியோக்களுக்கு சாஃப்ட்வேர் எழுதுவாள். எடுத்த படங்களை அது பெயரோடு சேமித்து, கேட்டால் தேடித் தரும். எங்கே சேமிப்பது என்று கடைக்காரரே தேர்ந்தெடுக்கலாம். 'டெம்ப்' என்கிற தற்காலிக ஃபோல்டரைத் தொட்டால் மட்டும், கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும்போது படங்கள் அழிந்துவிடும் என்று சொல்லி மறிக்கும்.

"கஸ்டமருக்கே வாத்தியார் வேலை பாக்கறியா? தூக்கும்மா அதை," என்றார் முதலாளி பாலு. தூக்கினாள். அவரிடம் எதிர்த்துப் பேசி யார் ஜெயித்திருக்கிறார்கள்?

திருவான்மியூரில் ஸ்டுடியோ வைத்திருந்த மெஹபூப் அலி பாய் பெரிய மானஸ்தர். கடைக்கு வருகிற பையன்கள் பெண்களின் படங்களை நோண்டிவிடக் கூடாதே என்று, யாரும் எட்டிப் பார்க்காத இடமாகத் தேடி, எல்லாவற்றையும் அந்த டெம்ப்பில்தான் வைத்தார். போகியன்று தெருவே பழசைக் கழித்துக்கொண்டிருக்க, அவரும் கம்ப்யூட்டரில் குப்பை நீக்கும் பட்டனை அழுத்தினார். கம்ப்யூட்டருக்கு டெம்ப்பில் இருப்பதெல்லாம் குப்பைதான்.

அடுத்த மாதம், அதே தெருவில் மீன் விற்கும் ரோஸி வந்து நின்றாள். கடலுக்குப் போன அவள் புருஷன் ஆண்டனி திரும்பவில்லை. அவன் போனும் அவனோடு போய்விட்டது. வீட்டிலிருந்த படங்களை டிசம்பர் வெள்ளம் முன்பே தின்றிருந்தது. பாய் எடுத்த ஒரு படம்தான் மிச்சம். புதைக்க உடல் இல்லை, மாதா கோயில் பூசையில் வைக்க முகமாவது வேண்டும் என்றாள்.

பாய் கூப்பிட, நீரஜா போய் நாள் முழுக்கத் தேடினாள். கிடைக்கவில்லை. பாய் தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம்.

திரும்பி வந்தவள் யாரையும் கேட்காமல் அந்தத் தடையை மறுபடி எழுதினாள். பாலு குதித்தார்.

"என்னை வேணா தூக்குங்க சார். இதைத் தூக்க மாட்டேன்."

அவள் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை.

திருத்திய சாஃப்ட்வேரைப் போட பாய் ஸ்டுடியோவுக்குப் போனபோது நானும் கூடப் போனேன். ரோஸி கூடையோடு உள்ளே வந்தாள்.

"இன்னாமா, கெடைச்சிச்சா?"

"இல்லக்கா. ஆனா இனிமே யாரு படமும் இப்டிப் போகாது. தடுத்துட்டேன்."

"நல்லதும்மா." கூடையைத் தூக்கப் போனவள் அப்படியே நின்றாள். "கண்ணு ஞாபகம் கீது. மூக்கு ஞாபகம் கீது. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா, எங்க வூட்டுக்காரு மாரி வர மாட்டேங்குதும்மா."

நீரஜா மவுஸைப் பிடித்தபடியே அழுதாள்.