காயகல்பமும் கட்டைவிரலும்

ஐம்பத்திரண்டாவது வயதில், என் கட்டைவிரல் தோலை உரித்து ஒரு பழைய மாத்திரை டப்பியில் சேர்த்து வைத்தேன். இதைக் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்ல முடியுமா என்று யோசித்துப் பார்த்தேன். முடியவில்லை. புத்தகம் படித்துக் கெட்டவன் என்று என் மனைவி என்னை அறிமுகப்படுத்துவது உண்டு. அவள் சொல்வது மிகை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அப்போது நான் ஓர் அறிவியல் புனைகதை எழுதிக்கொண்டிருந்தேன். நாயகன் விண்கலம் ஓட்டுகிறவன். உடல் தேய்ந்துபோகும்போதெல்லாம் ஒரு வெளிச்சத் தொட்டிக்குள் படுப்பான். எழுந்துவரும்போது வேறு முகம், வேறு குரல், வேறு நடை. நினைவு மட்டும் பழையது. பதினோராம் அத்தியாயத்தில் அவனை வீட்டு வாசல்வரை கொண்டுவந்து நிறுத்திவிட்டேன். கதவைத் திறக்கும் மனைவி, வந்து நிற்பது அவன்தான் என்று எப்படி நம்புவாள்? அதற்குமேல் எழுத்து நகரவில்லை. உடல் முழுக்கப் புதிதாகிவிட்டவனிடம் பழைய ஆள் எங்கே மிஞ்சியிருப்பான் என்று எனக்கே தெரியவில்லை.

தெரிந்துகொள்ள ஒரு வழி தோன்றியது. மலையாள எல்லையை ஒட்டிய எங்கள் மேற்குப் பக்கத்தில் ஆடி மாதம் உடம்பைப் பழுதுபார்க்கும் மாதம். மலையாளத்தாருக்கு அது கர்க்கடகம். மழைக்காலத்தில் உடல் இளகியிருக்கும், மருந்து பிடிக்கும் என்பார்கள். கல்யாணமோ பத்திரப் பதிவோ ஆடியில் நடக்காது என்பதால் ஆளுக்கும் ஓய்வு. குலசேகரத்தில் எனக்குத் தெரிந்த வைத்தியர், பதினான்கு நாள் எண்ணெயும் கிழி ஒற்றடமும் மருந்துக் கஞ்சியும், பிறகு பதினான்கு நாள் வெறுமனே நல்லிருப்பு என்று சொன்னார். நல்லிருப்பு என்றால் வெயில், பயணம், கோபம், உரத்த பேச்சு எதுவும் கூடாது.

"முடிஞ்சா புது ஆளாயிருவேனா?" என்று கேட்டேன்.

"மூட்டுவலி கொறையும்," என்றார் வைத்தியர்.

என் காதில் விழுந்தது அந்தப் பதில் அல்ல.

இதற்கிடையே என் தங்கை விடுப்பில் வந்திருந்தாள். வளைகுடாவில் நர்ஸ். பத்தொன்பது வருடமாக அடுத்தவர் நாட்டில் ஒரு கட்டிலும் ஒரு அலமாரியுமாக இருக்கிறவள். கொட்டாரத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன எட்டு சென்ட் இடத்தில் ஒரு வீடு கட்டவேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை. இடம் இரண்டு பேர் பெயரிலும் இருந்தது. என் பங்கை நான் அவளுக்கு விட்டுக்கொடுத்து எழுதிவிட்டால் அஸ்திவாரம் போடலாம். ஆடி கழியட்டும் என்று காத்திருந்து, ஆவணி ஒன்றுக்குப் பதிவு என்று டோக்கன் வாங்கினோம். அன்று இரவே அவளுக்குத் திருவனந்தபுரத்தில் விமானம். தவறினால் அடுத்த விடுப்பு இரண்டு வருடம் கழித்து.

சிகிச்சை தொடங்கியது. காலையில் என்னை ஒரு மரப்பலகையில் கிடத்தி, நாட்டுக்கோழிக்கு மசாலா தடவுகிற சிரத்தையோடு எண்ணெய் தேய்த்தார்கள். மதியம் வீட்டுக்கு வந்தால் எனக்கு ஒரு வேலை இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ஏக்கர் ரப்பர். மழைக்காகப் பிளாஸ்டிக் பாவாடை கட்டிய மரங்கள். பால்வெட்டுகிறவரின் மகளுக்குப் பிரசவ நேரம். காலையில் வெட்டிப் பாலை எடுத்துவைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடுவார். பாலைத் தட்டில் ஊற்றி, உறைவதற்கு ஆசிட் விட்டுக் கலக்கவேண்டியது மட்டும் என் பொறுப்பு. இதில் என்ன வித்தை இருக்கிறது, மோர் ஊற்றிப் பாலை உறைய வைப்பது போலத்தானே என்று செய்துவந்தேன்.

ஒன்பதாம் நாள் வலது கட்டைவிரல் நுனியில் தோல் வெண்மையாகச் சுருண்டு நின்றது. இழுத்தேன். எரிச்சலோடு கழன்று வந்தது. உள்ளே இளஞ்சிவப்பாக, பிறந்த குழந்தையின் விரல்போல ஒரு புது விரல்.

அந்த நிமிடம் நான் அடைந்த பரவசத்தை எழுதினால் என் பிள்ளைகளுக்கு இனிமேல் வரன் அமையாது. மறுநாள் இடது கை. அதன் மறுநாள் ஆள்காட்டி விரல்கள். பிறகு மற்ற விரல்களும். உதிர்ந்ததை எல்லாம் டப்பியில் சேர்த்தேன். நாயகன் தொட்டியிலிருந்து எழும்போது பழைய தோல் அடியில் கிடக்கும் என்று ஏழாம் அத்தியாயத்தில் எழுதியிருந்தேன். ஒரு எழுத்தாளனுக்குத் தன் கற்பனை தன் விரலிலேயே நிரூபணமாவது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

மனைவி டப்பியைத் திறந்து பார்த்தாள்.

"இது என்னதுங்க? மீன் செதிலா?"

"நான்தான். பழைய நான்."

அவள் என்னையும் டப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். "புதுசும் இப்படித்தான் பேசுமா?" என்று கேட்டுவிட்டு டப்பியைக் குப்பையில் போட்டாள். அந்தக் கேள்வியைப் பதினோராம் அத்தியாயத்துக்குக் குறித்துக்கொண்டேன்.

ஆவணி ஒன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆடி முழுக்கத் தேங்கிய கூட்டம் ஒரே நாளில் வந்து நின்றது. நல்லிருப்பு முடிந்த உடம்போடு, கூச்சத்தோடு வெளிச்சத்தைப் பார்த்தபடி நான் தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் என் மனைவி, இன்னொருவர் பால்வெட்டுகிறவர். அவருக்குப் பேரன் பிறந்திருந்ததால் மிட்டாயோடு வந்திருந்தார்.

எங்கள் முறை வந்தது. கணினி முன்னால் இருந்த பெண் ஊழியர் ஆதார் ரேகை பார்க்கும் சின்னக் கருவி ஒன்றைத் தள்ளினார். கட்டைவிரலை வைத்தேன். சிவப்பு.

"அமத்தி வைங்க சார்."

அழுத்தினேன். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தேன். சிவப்பு. இடது கை. ஆள்காட்டி விரல். வரிசையாக எல்லா விரலும்.

"சார், நீங்க இல்லன்னு வருது," என்றார்.

"பின்ன யாருன்னு வருது?"

"அதெல்லாம் சொல்லாது சார். நீங்க இல்லன்னு மட்டும்தான் சொல்லும்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அரசாங்கமே சொல்லிவிட்டது. என்னை அறியாமல் ஒரு புன்னகையும் வந்திருக்கவேண்டும்.

"சிரிக்காதண்ணே," என்றாள் தங்கை. குரல் உடைந்திருந்தது. "எனக்கு ராத்திரி பிளைட்டாக்கும். இன்னைக்கு விட்டா எனக்க வீடு போச்சு."

அவள் முகத்தைப் பார்த்ததும் என் நாயகன் விண்கலத்தோடு எங்கோ போய்விட்டான்.

பால்வெட்டுகிறவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "சாரே, ஆசிட்ட தண்ணியில கலக்கித்தானே பாலுல விட்டிய?"

"தண்ணியிலயா?"

"ஒரு கம்பு சாத்தி வெச்சிருந்தேனே, கிண்டுகதுக்கு? அதையாவது எடுத்தியளா?"

"விரலால கிண்டினா நொரை எடுக்க வசதியா இருந்திச்சு."

அவர் என் மனைவியைப் பார்த்தார். என் மனைவி மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தாள்.

தங்கை விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். அழுகை நின்று நர்ஸ் வந்துவிட்டாள். "இது ஆசிட்டுல பொள்ளினதாக்கும் அண்ணே. ஆஸ்பத்திரியில டெய்லி பாக்கேன் நான். வலிச்சிருக்குமே, வைத்தியர்ட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

வலித்தது, அதைப் பிறப்பின் வலி என்று எடுத்துக்கொண்டேன் என்பதை நான் அங்கே சொல்லவில்லை.

"மேடம், வேற வழி இல்லியா?" என்று அவள் ஊழியரிடம் கேட்டாள். "இவருதான் எனக்க அண்ணன். இவங்க பொண்டாட்டி. இவரு வேலைக்காரரு. நாங்க மூணு பேரும் சொல்லுகோம்லா?"

"நீங்க சொன்னா நான் நம்புவேன்மா. சிஸ்டம் நம்பாதே." அவர் இரக்கத்தோடு மேசை இழுப்பறையைத் திறந்தார். "கண்ணு வெச்சுப் பாக்கலாம். பின்னால ஆளு நிக்காவ, சட்டுன்னு வாங்க."

பைனாகுலர் மாதிரி ஒன்று வந்தது. அதில் கண்ணை வைத்தேன். பிரச்சினை என்னவென்றால், நல்லிருப்பின் கடைசி மூன்று நாளும் வைத்தியர் கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து விட்டிருந்தார். அந்த வெளிச்சம் பட்டதும் இரண்டு கண்ணும் அருவியாகக் கொட்டின. இமை தானாக மூடிக்கொண்டது. சிவப்பு. மறுபடி. சிவப்பு.

"இன்னும் ஒரு தடவதான் சார் எடுக்கும்," என்றார் ஊழியர்.

தங்கை எழுந்து என் பின்னால் வந்தாள். என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். கைக்குட்டையால் ஒற்றினாள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் என் இமைகளைப் பிளந்து, நினைவு தப்பிய நோயாளியைப் பார்க்கிற மாதிரி திறந்து பிடித்தாள்.

"மூக்கால மூச்ச விடு. அனங்காத. அங்க நேரா பாரு. ஏலே, அனங்காதன்னு சொன்னேன்லா."

அண்ணனை ஏலே என்று கூப்பிட்டது அவளுக்கே தெரிந்திருக்காது. நான் அசையவில்லை. கருவி 'க்ளிக்' என்று ஒரு சத்தம் போட்டது.

"பச்ச," என்றார் ஊழியர். "இப்ப நீங்கதான் சார்."

தங்கை என் தலையை விடவில்லை. அவள் வயிறு குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. என் கண் முழுக்கத் தண்ணீர். அப்படியே பக்கத்துக் கேமராவில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டேன், மையில் ஒரு கைநாட்டும் வைத்தேன். அது வெறும் ஒரு கறுப்பு வட்டமாக விழுந்தது. மாலை மார்த்தாண்டம் நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றும், விமானத்தைப் பிடித்துவிட்டாள்.

பதினோராம் அத்தியாயம் அதன்பிறகு நகர்ந்தது. கதவைத் திறந்த மனைவி அவனுடைய முகத்தைப் பார்ப்பதில்லை, குரலைக் கேட்பதில்லை. 'காலைக் கழுவிவிட்டு உள்ளே வா' என்கிறாள். அவன் கழுவாமல் வருகிறான். அவளுக்குச் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது. எழுதி முடித்தபோது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. மூட்டுவலியும் குறைந்திருந்தது, கண்ணாடியில் பார்த்தால் முகத்தில் ஒரு தெளிவு, பத்து வயது குறைந்தாற்போல. வைத்தியத்தில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது என்று பட்டது.

பத்திரத்தின் நகல் கைக்கு வந்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். அவள் டியூட்டி முடிந்து கூப்பிட்டாள்.

"பாத்தேண்ணே. பேரு, சர்வே நம்பரு எல்லாம் செரியா இருக்கு. உனக்க போட்டோ இருக்க வேண்டிய எடத்துல அப்பாக்க போட்டோவ எதுக்கு ஒட்டி வெச்சிருக்காவ?"