நாற்பது பார் வைத்திருப்பவர்

என் அக்கா வீட்டுக்காரரிடம் நாற்பது பார் இருக்கின்றன. பதற வேண்டாம். மரம் அறுக்கும் மெஷினுக்கு முன்னால் நாக்கு மாதிரி ஓர் இரும்புப் பட்டை நீட்டிக்கொண்டிருக்குமே, அதன் விளிம்பில்தான் சங்கிலி ஓடும். அதற்குக் கடையில் பார் என்று பெயர். மாமா சேர்ப்பது அதைத்தான். அதுவும் புதுசு கூடாது. துருப்பிடித்து, வளைந்து, பழைய இரும்புக்கடைக்காரரே ஓரங்கட்டியதாக இருக்க வேண்டும்.

மெஷின் ஒன்றுகூட அவரிடம் கிடையாது. மரத்தை அறுப்பது பாவம் என்பார். பஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறவர், சாயங்காலம் வீடு திரும்பியதும் ஒரு பாரை மடியில் கிடத்திக்கொள்வார். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்ப்பார், சங்கிலி ஓடும் பள்ளத்தில் இறுகிப்போன மரத்தூளை ஊசியால் கிண்டுவார், விளிம்பை அரத்தால் ராவுவார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டால் காதில் விழாது. பெற்ற பிள்ளைகளைக்கூட அவர் இப்படித் துடைத்துவிட்டதில்லை என்பது அவள் குறை. நியாயமான குறைதான்.

போன மாதம், குடியிருந்த வீட்டை இடிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களோடு நானும் வேறு வீடு தேடி அலைந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒன்று அமைந்தது. வெளிச்சமான சமையலறை, கூப்பிடு தூரத்தில் பள்ளிக்கூடம், பின்பக்கம் ஒரு சின்ன அறை. அக்காவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. கணவரை இழந்த வீட்டுக்கார அம்மா மாடியில் தனியாக இருந்தார். மாமா மட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அன்றைக்கே காரியம் முடிந்திருக்கும்.

"பின்னாடி ரூம் எதுக்கு உங்களுக்கு?" என்று கேட்டார் அந்த அம்மா.

"நம்ம பாருக்குங்க," என்றார் மாமா, பெருமை பிடிபடாமல். "மொத்தம் நாப்பது பார் இருக்கு."

"என் வீட்லயா?"

"ஒண்ணுகூட ஓடாதுங்க. ஓடாத பாரா பாத்துதான் வாங்குவேன். தினமும் சாயங்காலம் ஆனா நான் பாரோடதான்."

"எந்திரிங்க. வீடு குடுக்கறதா இல்ல."

மாமா திருதிருவென்று விழித்தார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அக்காவுக்கு அழுகை வந்தது.

"ஐயோ, அந்த பார் இல்லம்மா! இது வெறும் இரும்பு. அவருக்குக் குடிக்கவே தெரியாது," என்று பதறினாள்.

வருகிற வழியில் வாங்கிய ஒரு பார் மாமாவின் ஸ்கூட்டரில் கிடந்தது. ஓடிப்போய் எடுத்துவந்து காட்டினேன். அந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத வெச்சு என்ன பண்ணுவாரு?"

"தேய்ப்பாரு," என்றாள் அக்கா. அத்தனை வருஷத்து ஆத்திரமும் அப்போதுதான் வெளியே வந்தது. "தேச்சுக்கிட்டே இருப்பாரு. கடைக்குப் போய்ட்டு வாங்கன்னாகூட நகர மாட்டாரு."

"தினமும் வீட்லயேவா இருப்பாரு?"

"வீட்லயேதான். எல்லாம் என் தலையெழுத்து."

அந்த அம்மா பாரை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "எங்க வீட்டுக்காரரும் தினமும் பார்லதான் இருந்தாரு," என்றார். "நான் வாசல்லயே உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன்."

எனக்கு வந்த சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அக்கா கையில் கொடுத்தார்.

வீடு திரும்பினோம். மாமா வழக்கம்போல அரத்தோடு உட்கார்ந்தார். அக்கா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, தானும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். மாமா மிரண்டு போனார்.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல," என்றாள் அக்கா. "நீங்க பேசாம தேயுங்க."